அதே சாய்விருக்கை, மூன்று படங்கள்: யூகி கிஹாரா பற்றிப் பேசலாம்

#1 நள்ளிரவுப்பல்லி

பழைய ஸ்டுடியோ படங்கள் இழையில் ஒருவர், "அந்தக் காலத்துப் போட்டோவில் இருப்பவர் யாரென்று யாருமே எழுதி வைக்கவில்லையே" என்று அலுத்துக்கொண்டிருந்தார். பதில் போட உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. தனி இழையாகவே போட்டுவிடுகிறேன்.

யூகி கிஹாரா ஒரு கலைஞர், 1975இல் தென் பசிபிக் தீவு நாடான சமோவாவில் பிறந்தவர். அம்மா சமோவாக்காரர், அப்பா ஜப்பானியர். பதின்ம வயதில் நியூசிலாந்து போய் வெலிங்டனில் ஆடை வடிவமைப்பு படித்தார். முன்பு ஷிகேயுகி கிஹாரா என்ற பெயரில் காட்சி வைத்தார். பழைய அட்டவணைகளில் அந்தப் பெயரே இருக்கும், இரண்டு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒரு ஃபஅஃபஃபினே: ஆணாகப் பிறந்து பெண்ணின் வழியில் வாழ்பவரை சமோவாவில் அப்படிச் சொல்வார்கள். இந்தச் சொல்லைத் தமிழில் மொழிபெயர்க்காமல் விடுகிறேன், காரணம் பிறகு யாராவது கேட்பீர்கள்.

நான் பேச வந்தது 2004-05இல் அவர் செய்த ஒரு வரிசையைப் பற்றி. மூன்று படம். பழுப்பேறிய செபியா நிறம். விக்டோரியா காலத்துச் சாய்விருக்கை ஒன்றில் கிஹாராவே ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். முதல் படத்தில் இடுப்பில் நார்ப்பாவாடை, மேலே ஒன்றுமில்லை. அஞ்சல் அட்டையில் வரும் 'தென்கடல் அழகி'யேதான். இரண்டாவதில் பாவாடை இல்லை. அப்போதும் பெண்ணுடலாகத்தான் தெரிகிறது. மூன்றாவதில் ஆணுறுப்பு தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். படுத்திருக்கும் விதம் மாறவில்லை, நம்மைப் பார்க்கும் பார்வையும் மாறவில்லை. மூன்றாவதைப் பார்த்துவிட்டு முதல் படத்துக்குத் திரும்பிப் போனால், நாம் முதலில் எதைப் பார்த்தோம் என்பதே சந்தேகமாகிவிடுகிறது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சமோவாவின் ஆப்பியா நகரில் தாமஸ் ஆண்ட்ரூ, ஆல்ஃப்ரட் டாட்டர்சால், ஜான் டேவிஸ் போன்றவர்கள் ஸ்டுடியோ வைத்திருந்தார்கள். கிறித்தவ மிஷனரிகள் 1830இலேயே சமோவாவுக்கு வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை மூடிய உடையில் தேவாலயம் போன ஊர் அது. அந்த ஊர்ப் பெண்களைத்தான் ஸ்டுடியோவுக்குள் மேலாடை இல்லாமல் உட்கார வைத்து எடுத்தார்கள். படத்தின் கீழே பெயர் இருக்காது. 'சமோவ அழகி' என்று இருக்கும்.

கிஹாரா அந்த ஸ்டுடியோவின் சாமான்களை எல்லாம் திரும்ப வரவழைத்து, அதே இடத்தில் தானே படுத்துக்கொண்டார். அதே காலத்தில் 'சமோவத் தம்பதி' என்றொரு படமும் உண்டு. அதில் கணவனும் அவரே, மனைவியும் அவரே.

#2 ஸ்டுடியோக்காரர்

நல்ல பதிவு தம்பி. ஆனால் ஒரு தொழில்முறைக் கேள்வி. அவர் படத்துக்குள்ளே படுத்திருந்தால் கேமராவுக்குப் பின்னால் நின்றது யார்? ஷட்டரை அழுத்தியவர்தானே போட்டோகிராஃபர்? 31 வருஷம் கும்பகோணத்தில் கடை வைத்திருந்தவன் என்பதால் கேட்கிறேன். முகூர்த்த நாளில் என் உதவியாள் எடுத்த படத்துக்கு நான் பேர் போட்டால் அவன் மறுநாள் வேலைக்கு வரமாட்டான்.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் சாமான்கள் எங்கள் கடையிலும் இருந்தன. ஊட்டிப் பூங்கா வரைந்த திரை, சுண்ணாம்புத் தூண், ஒரு கை உடைந்த பிரம்பு நாற்காலி. உடைந்த கைப்பக்கம் எப்போதும் குழந்தையை நிறுத்துவோம், தெரியாது. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, மூச்சை விடாதீங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. உட்காருகிறவர்களை நாங்களும்தான் ஆட்டிவைத்தோம். ஆப்பியாவில் நடந்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்?

#3 நள்ளிரவுப்பல்லி

அண்ணா, ஷட்டரை அழுத்தியது வேறொருவர்தான். கிஹாரா அதை மறைக்கவும் இல்லை. ஆனால் எந்தப் பழைய படத்துக்குப் பதில் சொல்வது, என்ன துணி, எந்த இருக்கை, மூன்றாவது படத்தில் எதைத் திறப்பது என்று தீர்மானித்தது அவர். சினிமாவில் கேமராமேன் வேறு, இயக்குநர் வேறு இல்லையா? அப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் 'படம் எடுப்பவர்' என்று சொல்லாமல் 'படம் அமைப்பவர்' என்று சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. உங்கள் கடையில் தாடையை இறக்கியவர் மறுவாரம் ரசீதைக் காட்டிப் படத்தை வாங்கிக்கொண்டு போனார். அது அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. ஆப்பியாவில் எடுத்த அழகி படம் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகவில்லை. அட்டையில் அச்சாகி, கப்பலேறி, அவளை ஒருநாளும் பார்க்காதவர்களின் ஆல்பத்துக்குப் போனது. யார் எடுத்தார் என்பதைவிட யார் வீட்டுக்குப் போனது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

#4 கடல்காகம்

அப்படியே கேட்போம். கிஹாராவின் மூன்று படங்கள் யார் வீட்டுக்குப் போயின? 2008இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக்காட்சி வைத்தது. 'உயிருள்ள புகைப்படங்கள்' என்று தலைப்பு. ஆக மறுபடியும் ஒரு பசிபிக் உடல் உடையில்லாமல் வெள்ளைச் சுவரில் மாட்டப்பட்டது, மறுபடியும் வெளியூர்க்காரர்கள் நின்று பார்த்தார்கள். கப்பலுக்குப் பதில் விமானம்.

எள்ளல் புரிகிறது. ஆனால் எள்ளலைப் புரிந்துகொள்ளாதவருக்கும் அதே நிர்வாணம் இலவசமாகக் கிடைக்கிறதே.

#5 முரண்டு

ஆடையில்லாமல் படுத்தால் கலை, நாங்கள் வேட்டியை மடித்துக் கட்டினால் குற்றம். 😀

#6 மட்டுறுத்துநர்

முரண்டு, இது இரண்டாவது எச்சரிக்கை. மற்றவர்கள் தொடரலாம்.

#7 வெள்ளெருக்கு

நான் திருநங்கை. இந்தத் தளத்தில் சமையல் பகுதியில்தான் எழுதுவேன், இங்கே முதல்முறை.

கடல்காகம் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அந்த மூன்றாவது படத்தை அவர் ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்கிறார். பேருந்தில் பக்கத்தில் உட்கார்பவரில் இருந்து வீடு காட்ட வரும் தரகர்வரை எல்லோர் மண்டைக்குள்ளும் ஒரு கேள்வி ஓடும். நேராகக் கேட்கமாட்டார்கள். கண் கீழே போய்விட்டு மேலே வரும். கிஹாராவின் மூன்றாவது படம் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதிலைக் காட்டிவிடுகிறது. காட்டியதும் பார்த்தவர்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், படுத்திருப்பவர் அப்படியே இருக்கிறார். இணையத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி முகத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தேன். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. "சரி, பார்த்தாச்சா?" என்பது போல இருந்தது.

எங்களைப் படமெடுக்க வருபவர்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். கூவாகம் திருவிழா நாளில் எங்களைவிடக் கேமராக்கள் அதிகம். தாலி அறுத்து அழும்போது முகத்துக்கு ஒரு முழம் முன்னால் லென்ஸ் இருக்கும். ஒரு வருஷம் என் தோழியின் அழுகை ஏதோ போட்டியில் பரிசு வாங்கியது. அவளுக்கு அது இரண்டு வருஷம் கழித்து வாட்ஸப்பில் வந்தது. கீழே 'அரவாணி, தமிழ்நாடு' என்று எழுதியிருந்தார்கள். நள்ளிரவுப்பல்லி சொன்ன 'சமோவ அழகி' மாதிரியே.

அப்புறம், ஃபஅஃபஃபினேயைத் திருநங்கை என்று போடாமல் விட்டதற்கு நன்றி.

#8 மட்டக்களப்பான்

வெள்ளெருக்கு சொன்னதிலிருந்து தொடருகிறேன். நான் இருக்கிறது ஆக்லாந்தில். வேலையிடத்தில் பாதிப் பேர் சமோவாக்காரர், ஆகவே அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

'ஃபஅ' என்றால் அந்த மாதிரி, அந்த வழியில். 'ஃபஃபினே' என்றால் பெண். ஆக 'பெண்ணின் வழியில்'. பெண்ணாகப் பிறந்து ஆணின் வழியில் வாழ்கிறவர்கள் 'ஃபஅதாமா'. ஒருவர் எப்படி நடக்கிறார், வீட்டில் என்ன வேலையைத் தன் தோளில் எடுக்கிறார், யாருக்கு யாராக இருக்கிறார் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வரும். பெற்றோரைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, தேவாலயத்தில் பூ அலங்காரம் செய்கிறவர், பள்ளிக்கூட ஆசிரியர் என்று ஊருக்குள் கலந்துதான் இருப்பார்கள். ஒதுங்கி வாழும் தனிக் குழுவாக நான் கண்டதில்லை. 'ட்ரான்ஸ்' என்ற சொல்லை அதன்மேல் ஒட்டினால் பாதி பொருந்தும், பாதி வெளியே நிற்கும்.

ஆனால் ஒரு சொர்க்கக் கதையும் கட்டிவிட வேண்டாம். ஆண் ஒருவர் பெண்ணைப் போல வேடமிட்டு நடமாடுவது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றம். அது நியூசிலாந்து ஆட்சியின் கடைசி வருடம். அடுத்த வருடம் சுதந்திரம். அந்தப் பிரிவை 2013இல்தான் எடுத்தார்கள். ஆணும் ஆணும் உறவுகொள்வது அங்கே இன்னும் குற்றமாகவே இருக்கிறது. ஃபஅஃபஃபினேக்களுக்கென்று 2006இல் தொடங்கிய சங்கம் ஒன்று உண்டு. ஊர் ஏற்றுக்கொண்டதைச் சட்டம் ஏற்கவில்லை. இப்போது அந்தச் சட்டம்தான் எங்கள் மரபு என்று கதைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அதுதான் வேடிக்கை.

#9 நள்ளிரவுப்பல்லி

மட்டக்களப்பான் அண்ணை, இதைத்தான் எதிர்பார்த்தேன். நன்றி.

கடல்காகத்துக்கு. மெட்ரோபாலிட்டன் சுவர் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே போனதால்தான் அடுத்தது நடந்தது. அந்தக் காட்சிக்காகப் போயிருந்தபோது, அதே கட்டடத்தில் இருந்த பிரெஞ்சு ஓவியர் பால் கோகனின் ஓவியங்களை கிஹாரா நேரில் பார்த்தார். கோகன் 1899இல் வரைந்த 'இரண்டு தஹிட்டிப் பெண்கள்' அங்கேதான் இருக்கிறது. மார்பு திறந்த இரண்டு பேர், ஒருவர் கையில் பூத்தட்டு. உலகமெங்கும் காலண்டரில் தொங்கும் படம். கிஹாராவுக்கு அதில் ஃபஅஃபஃபினே சாயல் தெரிந்தது. மாவோரி அறிஞர் ங்காஹுயா தே அவேகோதுகு, கோகனுக்கு உட்கார்ந்த சிலர் தஹிட்டியின் மாஹூக்களாக இருக்கலாம் என்று 1992லேயே பேசியிருந்தார். மாஹூ என்பது அங்கே ஏறக்குறைய ஃபஅஃபஃபினேவுக்கு இணை.

இதிலிருந்து வளர்ந்ததுதான் 'பாரடைஸ் கேம்ப்'. இத்தாலியின் வெனிஸில் நடக்கும் சர்வதேசக் கலைக்காட்சியான பியனாலேவில், 2022இல் நியூசிலாந்தின் அரங்கம் அது. நடாலி கிங் காட்சியமைப்பாளர். நியூசிலாந்தின் சார்பில் அங்கே போன முதல் பசிபிக் கலைஞர், முதல் ஆசியக் கலைஞர், முதல் ஃபஅஃபஃபினே, மூன்றுமே கிஹாராதான். 2023இல் சிட்னி பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு அது வந்தபோது இரண்டு தடவை போனேன். இரண்டாவது தடவை மழை, ஆளே இல்லை, காவலாளியும் நானும்தான்.

பன்னிரண்டு புகைப்படங்கள். ஒவ்வொன்றும் கோகனின் ஒரு ஓவியத்தை எடுத்து, சமோவாவின் உபோலு தீவில், ஃபஅஃபஃபினே, ஃபஅதாமா மக்களையே நிறுத்தி எடுத்தது. நடித்தவர்களும் பின்னால் வேலை செய்தவர்களுமாக 80 பேருக்கு மேல். வெளிச்சம் ஒளிவுமறைவில்லாத பகல் வெளிச்சம். கோகனின் உருவங்களுக்கு இருக்கும் அந்தச் சோம்பல் இவர்களிடம் இல்லை. இவர்கள் வேலைக்கு வந்தவர்கள் மாதிரி நேராக நிற்கிறார்கள். ஒரு படத்தில் கிஹாரா முகத்தில் ரப்பர் மூக்கு, மீசை எல்லாம் ஒட்டிக்கொண்டு கோகனாகவே நிற்கிறார். முதல் பார்வையில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கூடவே ஒரு காணொளி, டிவி அரட்டை நிகழ்ச்சி வடிவில். ஃபஅஃபஃபினேக்களை உட்கார வைத்து கோகன் ஓவியங்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். அவர்கள் பயபக்தி கொஞ்சமும் இல்லாமல், கல்யாண வீட்டில் மொய் எழுதியவர்களைப் பற்றிப் பேசுவது போலப் பேசிச் சிரிக்கிறார்கள். காவலாளிக்கு அதெல்லாம் மனப்பாடம் போல. சிரிப்பு வரப்போகும் இடத்துக்கு முன்பே சிரித்தார்.

#10 ஸ்டுடியோக்காரர்

கோகன் சமோவாவுக்குப் போனாரா என்ன? தஹிட்டிதானே?

#11 நள்ளிரவுப்பல்லி

போகவில்லை அண்ணா. 1891இல் தஹிட்டி, இடையில் பிரான்ஸ் திரும்பி, 1895இல் மறுபடி கிளம்பினார். வழியில் ஆக்லாந்தில் கப்பலுக்காகச் சில நாள் காத்திருந்து அங்கிருந்த மாவோரிச் சேகரிப்பைப் பார்த்தார். கடைசியில் மார்க்கேசஸ் தீவுகளில் 1903இல் இறந்தார். ஆனால் சமோவாவில் எடுத்த புகைப்படங்கள் கோகன் கைக்கு வந்திருக்கும் என்பது கிஹாராவின் வாதம். 'மூன்று தஹிட்டியர்' என்ற 1899 ஓவியத்தில் நடுவில் முதுகைக் காட்டி ஒருவர் நிற்பார். தாமஸ் ஆண்ட்ரூ எடுத்த, பச்சை குத்திய சமோவ ஆண் ஒருவரின் முதுகுப் படத்தை கிஹாரா அதன் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். தோளும் இடுப்பும் நிற்கும் வாகும் அப்படியே ஒத்துப்போகின்றன. கோகனின் வேறோர் ஓவியம் சார்ல்ஸ் ஸ்பிட்ஸ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது என்பது ஏற்கனவே தெரிந்ததுதான்: பாறையிலிருந்து விழும் தண்ணீரில் வாய் வைத்துக் குடிக்கும் உருவம்.

அதாவது பெயரில்லாத ஒருவர் ஸ்டுடியோவில் நின்றார், அது புகைப்படம் ஆனது, புகைப்படம் ஓவியம் ஆனது, ஓவியம் காலண்டர் ஆனது. கிஹாரா அதைப் பிடித்துத் திரும்பப் புகைப்படமாக்கி, பெயருள்ள ஆட்களை அந்த இடத்தில் நிறுத்துகிறார்.

#12 கடல்காகம்

சரி, பெயர் வரை வந்துவிட்டீர்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு கிஹாராவின் படங்களில் இதைவிடப் பிடித்தது சலோமே வரிசை. யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன்.

தாமஸ் ஆண்ட்ரூவின் 1886ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் விக்டோரியா பாணி உடையில் ஒரு பெண் இருக்கிறாள். தலைப்பு 'சமோவக் கலப்பினத்தாள்'. அவ்வளவுதான் அவள் முகவரி. கிஹாரா அவளுக்கு சலோமே என்று பெயர் வைத்து, அதே கறுப்புத் துக்க உடையைத் தான் போட்டுக்கொண்டார். 2012இல் ஒரு காணொளியில் அந்த உடையோடு சமோவாவின் தாவாலுங்கா நடனத்தை ஆடுகிறார். ஒரு கை அசைவு முடியுமுன் அடுத்தது அதன்மேல் படிந்து, பத்துப் பன்னிரண்டு கைகள் அலை மாதிரி எழும்பும். 2009 செப்டம்பர் 29 சுனாமிக்கான துக்கம் அது. சமோவாவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடுத்த வருடம் அதே உடையில் புகைப்படங்கள். சுனாமிக்குப் பிறகான லலோமானு கடற்கரை, ஈவன் புயல் அடித்துப்போன லெலாட்டா, ஜெர்மானியர் நட்ட நினைவுத் தூண், சுதந்திரத்துக்குப் போராடிய மாவு இயக்கத்தின் தலைமையகம். எல்லா இடத்திலும் முதுகைக் காட்டி நிற்கிறார். முதல் வரிசையில் உடம்பு முழுக்கக் காட்டியவர் இதில் முகத்தைக்கூடத் தரவில்லை. நான் #4இல் கேட்டதற்கு அவரே பத்து வருஷத்தில் பதில் சொல்லிவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. தலைப்பு மட்டும் கோகனுடையது: 'எங்கிருந்து வந்தோம்? நாம் என்ன? எங்கே போகிறோம்?'

#13 மட்டக்களப்பான்

2015இல் இன்னொரு வரிசை இருக்கிறது. சமோவ ஆண் ஒருவரின் மூக்கை இடுக்கிமானி வைத்து அளக்கிறார்கள், மண்டையை அளக்கிறார்கள். அளக்கிற கை மட்டும் ஓரத்தில் தெரியும். மெட்ராஸ் அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் செய்த வேலை இதுதானே? அவரும் தென்னிந்தியச் சாதிகளின் மூக்கு நீள அகலத்தை அளந்து அட்டவணை போட்டவர். அந்த வரிசையைப் பார்த்தபோது எனக்கு ஆப்பியாவைவிட எழும்பூர்தான் ஞாபகம் வந்தது.

#14 வெள்ளெருக்கு

கடல்காகம், முதுகு காட்டும் படங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். லலோமானு படத்தில் உடையின் கீழ்விளிம்பில் மண் ஒட்டியிருக்குமோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். துணி தைப்பவள் புத்தி. அவ்வளவு துணியைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நின்றது பெரிய விஷயம்.

#15 ஸ்டுடியோக்காரர்

எல்லாவற்றையும் படித்தேன். 'படம் அமைப்பவர்' என்பதை ஏற்றுக்கொள்கிறேன், தம்பி. அந்த மூன்று படத்தையும் என் மருமகளிடம் சொல்லித் தேடச் சொன்னேன். அவள் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். லைட்டிங் அருமை, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். 1993 அல்லது 94. கடை சாத்தும் நேரம், ஒரு பையன் வந்தான். இருபது வயசு இருக்கும். கையில் மஞ்சள் பை. உள்ளே புடவை. "அண்ணே, புடவை கட்டி ஒரு படம், போஸ்ட்கார்டு சைஸ், ஒரே காப்பி போதும். எவ்வளவு ஆனாலும் தரேன்" என்றார். பையன் என்று எழுதிவிட்டேன், மன்னிக்கவும். நான் "லைட் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டேன். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, அவருக்கும் தெரிந்தது. மறுநாள் வரவில்லை. கடைப் புத்தகத்தில் அன்றைய கணக்கில் இரண்டு பாஸ்போர்ட் சைஸ், ஒரு குழந்தை படம். இந்த இழைக்காகத்தான் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

#16 வெள்ளெருக்கு

கும்பகோணத்தில் எந்தப் பக்கம் அண்ணா கடை?

#17 ஸ்டுடியோக்காரர்

மகாமகக் குளத்துப் பக்கம் அம்மா. ஏன்?

#18 வெள்ளெருக்கு

அப்படியென்றால் நான் இல்லை. நான் போனது தஞ்சாவூரில் ஒரு கடைக்கு. அங்கேயும் லைட் ரிப்பேர்தான்.